பேஸ் கிதாரில் இரண்டு வகை பிக்கப்... சேர்த்தால் இனிக்குமா, இடிக்குமா?

போன் ஸ்பீக்கரில் ஓர் இளையராஜா பாட்டைக் கேட்டால் அதில் பாதிதான் காதுக்கு வரும். அதையே நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரலுக்கும் வயலினுக்கும் அடியில் யாரோ ஒருவர் தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே வருவது தெரியும். அதுதான் பேஸ் கிதார். நான்கு தடித்த தந்திகள், நீண்ட கழுத்து, சாதாரண கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவி.

கல்லூரி பேண்டு, தேவாலயப் பாடகர் குழு, கல்யாணக் கச்சேரி என்று இன்று பல வீடுகளின் மூலையில் ஒரு பேஸ் கிதார் சாய்ந்து நிற்கிறது. வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் வாசிப்பவருக்கு ஓர் ஆசை வரும். 'இதில் வேறொரு வகை பிக்கப்பையும் சேர்த்துவிட்டால், இரண்டு கிதாரின் ஓசையும் ஒன்றிலேயே கிடைத்துவிடுமே!'

நியாயமான ஆசைதான். உலகப் புகழ்பெற்ற சில பேஸ் கிதார்களே அப்படி உருவானவை. ஆனால், அதற்குக் கிதாரின் உடலில் குழி தோண்ட வேண்டும். ஒயரைப் பிரித்து மறுபடி இணைத்துக்கொள்ளலாம். தோண்டிய மரம் பழையபடி ஆகாது. அதனால், உளியைக் கையில் எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிக்கப் என்ன செய்கிறது?

தந்திகளுக்கு அடியில் கறுப்புப் பெட்டி போல இருப்பதுதான் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அதனால் காயிலில் சிறிய மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதே முறையில்தான்.

அந்தக் காயிலை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள், எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்ற இரண்டும்தான் ஒரு பேஸ் கிதாரின் குரலைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

மூன்று குடும்பங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' கிதாரைக் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டுகளாக்கினார். கீழ்க் குரல் தந்திகள் இரண்டுக்கு ஒரு துண்டு, மேல் குரல் தந்திகள் இரண்டுக்கு இன்னொன்று. இதைத்தான் 'பி' வகை என்கிறார்கள். உருண்டு திரண்ட நடுத்தரக் குரல் இதன் அடையாளம். மோடவுன் நிறுவனத்தின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகை பேஸைத்தான். ஒரே ஒரு பிக்கப்!

1960-ல் அதே ஃபெண்டரின் 'ஜாஸ் பேஸ்' வந்தது. கழுத்துப் பக்கம் ஒன்று, தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று என ஒல்லியான இரண்டு பிக்கப்கள். இது 'ஜே' வகை. குரல் தெளிவாக, சற்றுக் கூர்மையாக இருக்கும். ஜாக்கோ பஸ்டோரியஸ் பிரிட்ஜ் பக்க பிக்கப்பை முன்னிறுத்தி வாசித்த ஓசையை இன்றும் பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஹம்பக்கர். இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து வெளி இரைச்சலை ரத்து செய்யும் முறை. கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் இதை உருவாக்கினார். பேஸில் இதற்குப் புகழ் தேடித்தந்தது 1976-ல் வந்த மியூசிக் மேன் 'ஸ்டிங்ரே'. அதன் குரல் தடித்தது, பளிச்சென்று முன்னால் வந்து நிற்பது.

இந்த மூன்றில் இரண்டைச் சேர்ப்பதுதான் பெரும்பாலான மாற்றங்களின் நோக்கம். இங்கேதான் சமையல்கட்டு நியாயம் ஒன்று வருகிறது. வத்தக்குழம்பும் ருசி, மோர்க்குழம்பும் ருசி. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால்?

பிராண்டைவிட இடம் பெரிது

தந்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. கழுத்தை ஒட்டிய பகுதியில் வீச்சு அதிகம், ஆழமான ஒலி கிடைக்கும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வீச்சு குறைவு, மேல் ஒலிகள் தூக்கலாகக் கேட்கும். ஜாஸ் பேஸிலேயே 60-களின் மாடலைவிட 70-களின் மாடலில் பிரிட்ஜ் பக்க பிக்கப்பைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரின் வித்தியாசத்தை வைத்துத்தான் வாசிப்பவர்கள் இன்றுவரை 'எனக்கு 60, உனக்கு 70' என்று பிரிந்து நிற்கிறார்கள்.

இரண்டு இடங்களில் இருந்து வரும் ஒலியைக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். குறிப்பாக நடுத்தர ஒலிகள் பள்ளம் விழுந்ததுபோல அடங்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது அழகாக இருக்கும். டிரம்ஸ், கீபோர்டு, கிதார் எல்லாம் சேர்ந்த மேடையில் அந்த நடுத்தர ஒலிதான் பேஸைக் காதுக்குக் கொண்டுவருகிறது. அது போய்விட்டால், 'வாசிச்சியா என்ன? கேக்கவே இல்லையே' என்பார்கள் நண்பர்கள்.

கலக்காமலேயே சேர்த்தவர்

இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் பில்லி ஷீஹன். நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரத்துக்காரர். டாலஸ், டேவிட் லீ ராத் குழு, பிறகு மிஸ்டர் பிக் என்று ராக் இசையில் பேர் வாங்கியவர். அவருடைய பழைய பிரிசிஷன் பேஸ் கிதாருக்கு அவர் வைத்த செல்லப் பெயரே 'மனைவி'!

பி வகையின் குரல் அவருக்குப் பிடித்திருந்தது. கூடவே, கிப்ஸன் ஈபி-0 பேஸில் வரும் அடிவயிற்றுக் குரலும் வேண்டியிருந்தது. கழுத்தை ஒட்டி அந்தப் பெரிய ஹம்பக்கரைப் பதித்தார். அதன் இருண்ட குரலுக்காகவே 'மட்பக்கர்', அதாவது சேற்று பிக்கப் என்று கிண்டலாக அழைக்கப்பட்ட பிக்கப் அது.

ஷீஹன் செய்த முக்கியமான வேலை அடுத்தது. இரண்டு பிக்கப்பையும் கிதாருக்குள் கலக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அவுட்புட் ஜாக் வைத்தார். இரண்டு கேபிள், இரண்டு ஆம்ப்ளிஃபையர். ஆழமான குரல் சுத்தமாக ஒரு வழியில் போகும். பி வகையின் குரல் கரகரப்பு ஏற்றப்பட்டு இன்னொரு வழியில் போகும். கரகரப்பு ஏற்றினாலும் அடி ஒலி கலங்காது. பின்னாளில் யமஹா நிறுவனம் அவருக்காகத் தயாரித்த 'ஆட்டிட்யூட்' பேஸிலும் இதே இரண்டு ஜாக் ஏற்பாடு தொடர்ந்தது.

இதில் மின்சாரக் கணக்கும் உண்டு. பி வகை பிக்கப்பின் மின்தடை பொதுவாக 10, 11 கிலோ ஓம். மட்பக்கர் வகையில் அது இரு மடங்குக்கும் மேல். இரண்டையும் ஒரே ஒயரில் இணைத்தால், தடை அதிகமான பிக்கப்பின் ஒலி, தடை குறைந்த பிக்கப்பின் வழியாக வடிந்துவிடும். பெரிய பிக்கப் போட்டும் பெரிய சத்தம் வராது. தனித்தனி வழி கொடுத்தால் இந்த இழுபறியே இல்லை.

பி-யும் ஜே-யும்: பிரபலமான ஜோடி

எல்லோராலும் இரண்டு ஆம்ப்ளிஃபையர் வாங்க முடியாது. அதனால் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது பி-ஜே ஜோடி. நடுவில் பி, பிரிட்ஜ் பக்கம் ஜே. 1987-ல் வந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் டஃப் மெக்ககன் வாசித்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஸ்பெஷல் இந்த வகைதான். கம்பெனியிலிருந்தே இப்படி வரும் பேஸ்கள் இப்போது ஏராளம்.

ஆனால், சொந்தமாகச் சேர்க்கும்போது மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, சத்தம். பி இருக்கும் இடத்தில் தந்தியின் வீச்சு அதிகம். பிரிட்ஜ் பக்கம் குறைவு. ஜே பிக்கப்பின் காயிலும் பொதுவாகச் சிறியது, 7 அல்லது 8 கிலோ ஓம். ஆக, ஜே-யின் குரல் பி-க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஸ்க்ரூவைத் திருப்பி ஜே-யைத் தந்திக்கு அருகில் உயர்த்தி, பி-யைச் சற்று இறக்கினால் ஓரளவு சரியாகும். பிரிட்ஜ் பக்கத்துக்கென்றே கூடுதல் சுற்று சுற்றிய ஜே பிக்கப்களும் கிடைக்கின்றன.

இரண்டாவது, திசை. இரண்டு பிக்கப்பும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் மின்சாரத்தைத் தள்ள வேண்டும். வேறு வேறு கம்பெனி பிக்கப் என்றால் இது மாறிப்போக வாய்ப்புண்டு. தனித்தனியாக வாசித்தால் நன்றாக இருக்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடி ஒலி காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல ஆகிவிடும். பயப்பட வேண்டாம். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் செய்தால் போதும். பிக்கப்பின் உலோக மூடி அதில் ஒரு ஒயரோடு இணைந்திருந்தால் மட்டும், அந்த இணைப்பைப் பிரித்துத் தனியாக கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. முள் உள்ள மல்டிமீட்டரை பிக்கப்பில் இணைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

மூன்றாவது, ஹம். இதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி.

மூன்றாவது ஃப்ரெட்டில் உட்கார்ந்திருக்கும் இரைச்சல்

பி வகையின் இரண்டு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால், அது தானாகவே ஹம்மை ரத்து செய்துகொள்ளும். ஜே ஒற்றைக் காயில். ஜாஸ் பேஸில் இரண்டு ஜே-க்களும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால், இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஹம் அடங்கிவிடும். பி-ஜே ஜோடியில் ஜே-க்கு அப்படித் துணை இல்லை. அதைத் திறக்கும் அளவுக்கு ஹம் வரும். ஜாஸ் பேஸிலேயே ஒரு பிக்கப்பை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினாலும், காயிலின் திசை பொருந்தாமல் இதே தொல்லை வரலாம்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். பேஸின் அடித் தந்தியான ஈ 41 ஹெர்ட்ஸ், அடுத்த ஏ 55 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய ஹம் இருக்கும் அதே இடம்! டோனைத் திருகி ஹம்மை வெட்டப் பார்த்தால், கூடவே பாட்டின் அடித்தளமும் வெட்டுப்படும்.

பிக்கப் குழியில் செம்புத் தகடு ஒட்டினால் தீரும் என்பார்கள். பாதி உண்மை. டிம்மர், சீலிங் லைட் போன்றவற்றால் வரும் 'ஸ்ஸ்' என்ற சலசலப்பு குறையும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தால் வரும் 'ம்ம்ம்' குறையாது. அதற்குத் தீர்வு, ஜே வடிவப் பெட்டிக்குள்ளேயே இரண்டு காயில் வைத்த, ஹம் வராத பிக்கப்கள்தான். பி-யோடு ஜோடி சேர்க்க அதையே முதலில் யோசிக்கலாம்.

ஹம் தாங்காமல், ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. இதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. பேஸ் கிதாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் கசிவு ஏற்பட்டால், மின்சாரம் நேராக வாசிப்பவரின் விரலுக்கு வரும். எதிரில் உதடு படும் தூரத்தில் மைக் இருக்கும். ஹம் காதுக்குத்தான் தொல்லை, இது உயிருக்கு ஆபத்து. வீட்டில் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்றால், பிளக்கை ஒருமுறை பெற்றோரும் பார்த்துவிடுவது நல்லது.

ஹம்பக்கர் வந்தால்...

பிரிட்ஜ் பக்கம் ஸ்டிங்ரே வகை ஹம்பக்கர், கழுத்துப் பக்கம் ஜே என்ற ஜோடியும் பிரபலம். இங்கே நிலைமை தலைகீழ். ஹம்பக்கரின் சத்தத்தில் ஜே அமுங்கிவிடலாம். ஹம்பக்கரின் இரண்டு காயிலையும் வரிசையாக இணைத்தால் சத்தம் அதிகம். பக்க இணைப்பில் சத்தம் குறையும், தெளிவு கூடும். ஸ்டிங்ரேயிலேயே காயில்கள் பக்க இணைப்பில்தான் இருந்தன. இரண்டுக்கும் இடையில் மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் வைத்தால் ஜே-யோடு சமாதானம் செய்துவைக்கலாம். இதற்கு நான்கு ஒயர் வெளியே வரும் ஹம்பக்கராகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு ஒயர் மட்டும் உள்ளதில் இந்த வசதி கிடையாது.

பேட்டரி உள்ளதும் இல்லாததும்

கவனமாக இருக்க வேண்டிய இன்னொரு ஜோடி, ஆக்டிவ் பிக்கப்பும் பாஸிவ் பிக்கப்பும். ஆக்டிவ் வகையின் உள்ளே சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். அதற்கு 25 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் பொருத்துவது வழக்கம். பாஸிவ் வகைக்கு 250 அல்லது 500 கிலோ ஓம் வேண்டும். பாஸிவ் பிக்கப்பை 25 கிலோ ஓம் கன்ட்ரோலில் இணைத்தால் மேல் ஒலி எல்லாம் செத்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். ஆக்டிவ் பிக்கப்பை 250-ல் இணைத்தால் வால்யூம் படிப்படியாகக் குறையாமல், சுவிட்ச் போட்டதுபோல ஒரே இடத்தில் ஏறி இறங்கும். இரண்டையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், பாஸிவ் பிக்கப்புக்கு ஒரு பஃபர் சர்க்யூட் வைத்த பிறகே கலக்க வேண்டும்.

பிரிட்ஜில் பொருத்தும் பியஸோ பிக்கப்புக்கும் இதே விதிதான். அது காந்தத்தால் இயங்குவதில்லை. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பொருளால் ஆனது. ஃப்ரெட் இல்லாத பேஸில், பெரிய மர டபுள் பேஸின் வாசனையைக் கொண்டுவர இதைச் சேர்ப்பார்கள். அதற்கெனத் தனி ப்ரீஆம்ப் இல்லாமல் நேரடியாக மற்ற பிக்கப்போடு முடிச்சுப் போட்டால், மெலிந்த கீச்சுக் குரல்தான் மிஞ்சும்.

பேட்டரி உள்ள பேஸ்களில் பெரும்பாலும் கேபிளைச் செருகியதும் பேட்டரி இயங்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வைத்தால் பேட்டரி பல மாதம் உழைக்கும்.

வெட்டும் முன் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

1. முதலில் புதுத் தந்தி மாற்றிப் பாருங்கள். மழமழவென்ற தந்திக்கும் சொரசொரப்பான தந்திக்கும் உள்ள வித்தியாசம், சில சமயம் பிக்கப் மாற்றுவதைவிடப் பெரிது. இருக்கும் பிக்கப்பின் உயரத்தையும் ஏற்றி இறக்கிக் கேளுங்கள். இதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

2. இருக்கும் ஓசையில் எது குறைகிறது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். 'மேடையில் கேட்கவில்லை' என்றால் அதற்குக் கூடுதல் பிக்கப் மருந்தாகாது. 'விரல் வாசிப்பின் கூர்மை வேண்டும்' என்றால் பிரிட்ஜ் பக்க ஜே உதவும்.

3. புது பிக்கப்பைப் பதிக்கும் முன், அதை ஒரு ஜாக்கில் தற்காலிகமாக இணைத்து, தந்திகளுக்கு மேலே தொடாமல் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி வாசித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால், எந்த இடத்தில் எந்தக் குரல் வருகிறது என்று மரத்தைத் தொடாமலேயே தெரிந்துவிடும்.

4. அளவைச் சரிபாருங்கள். ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்க பிக்கப், கழுத்துப் பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் நீளம். மாற்றி வாங்கினால் குழியில் இறங்காது. தந்திகளின் இடைவெளியும் பிக்கப்பின் காந்தங்களோடு பொருந்த வேண்டும்.

5. மரவேலையை அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். அச்சுத் தகடு வைத்து ரூட்டர் மெஷினில் எடுக்கும் குழிதான் சுத்தமாக வரும். அதற்கு முன்பாகவே ஒயரிங் படத்தை வரைந்து கையில் வைத்திருங்கள்.

பழைய கிதார் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 1960-களின் ஃபெண்டர் பேஸ்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 70-களிலும் 80-களிலும் அவற்றில் பலவற்றைக் கூடுதல் பிக்கப்புக்காகத் தோண்டிவிட்டார்கள். தோண்டாதவற்றின் விலை அவற்றுக்குக் கிடைப்பதில்லை. தாத்தாவோ மாமாவோ வாசித்த கிதார் வீட்டில் இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு, சாதாரண விலைக்கு வாங்கிய இன்னொன்றில் சோதனை செய்வதே புத்திசாலித்தனம்.

ஷீஹனின் கிதாருக்கும் குழி தோண்டத்தான் செய்தார்கள். ஆனால், தனக்கு எந்த இரண்டு குரல்கள் வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு ரூட்டர் மெஷினை ஆன் செய்தால் போதும். பதில் கிடைக்கவில்லையா? இருக்கும் ஒரு பிக்கப்பிலேயே ஜேமர்சன் அவ்வளவு பாடல்களுக்கு உயிர் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் அதிலேயே வாசியுங்கள். மரம் எங்கும் போய்விடாது.